குதிரையேற்றம்: ஏறுவது, அமர்வது, விழாமல் இருப்பது – புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் கற்க நினைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

கடற்கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போக, மேலே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதற்கு எதையும் கற்க வேண்டியதில்லை. சேணத்தின் முன்முனையை இறுகப் பிடித்துக்கொண்டால் போதும். நீங்களே குதிரையை நடத்த வேண்டும், அது ஓடும்போதும் அதன் முதுகுக்கும் வாய்க்கும் வலி கொடுக்காமல் உட்கார வேண்டும் என்றால் கதை வேறு. அதற்குத் தைரியத்தைவிட, கைபலத்தைவிட இடுப்புதான் முக்கியம். இடுப்பு குதிரையின் அசைவோடு போகப் பழகிவிட்டால் கை தானாக அடங்கும், கால் தானாகத் தொங்கும். இடுப்பு இறுகியிருக்கும்வரை மற்ற எதைத் திருத்தினாலும் இரண்டு நிமிடம்கூட நிற்காது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கடிவாளம் பற்றிய பேச்சு பாதி தாண்டித்தான் வரும்.

எங்கே, எந்தக் குதிரையில் கற்பது

எங்கள் பக்கத்தில் சவாரிப் பள்ளி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஆரோவில். அங்கே ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. கடலூரிலிருந்து வருகிறவர்களுக்குப் புதுச்சேரியைத் தாண்டிப் போக வேண்டும், மொத்தம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். காலை ஆறு மணி வகுப்பு என்றால் ஐந்துக்கே வண்டியை எடுக்க வேண்டும். எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் நாளே கடிவாள வாரைக் கையில் கொடுத்து "ஓட்டுங்க சார்" என்று விட்டால், அந்த இடம் வேண்டாம். பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, மேலே இருப்பவரைக் கையை விரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி. குதிரைகளையும் பாருங்கள். முதுகிலும் வாயோரத்திலும் புண் இருக்கிறதா, நிழலும் தண்ணீரும் இருக்கிறதா, அருகில் போனால் காதைப் பின்னால் மடக்கி முறைக்கிறதா? வேலை செய்யும் குதிரையின் முதுகைப் பார்த்தால் அந்தப் பள்ளியில் எப்படி உட்காரச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

உங்கள் எடையும் ஒரு கணக்கு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 400 கிலோ குதிரை என்றால் மொத்தம் 80 கிலோ. சேணத்துக்கு 8, 10 கிலோ கழித்துவிட்டால் உங்களுக்கு எழுபது சொச்சம் மிஞ்சும். அதற்கு மேல் இருப்பவர்கள் பெரிய குதிரையைக் கேட்டு வாங்க வேண்டும்; கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தென்னிந்தியப் பள்ளிகளில் இன்னொரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரைகள் இங்கே நிறைய. கிண்டி, ஊட்டி, பெங்களூர், மைசூர் என்று பந்தய மைதானங்கள் அருகிலேயே இருந்ததால் அவை வந்து சேர்ந்த வழி அது. பந்தயக் குதிரைக்கு வாரை இறுக்கினால் 'நில்' என்று அர்த்தமாகாது. ஜாக்கியின் கை இறுக இறுக, அது கடிவாளத்தில் சாய்ந்து இன்னும் முன்னே தள்ளும். ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார். பல நேரம் குதிரை நடந்துகொண்டே இருக்கும்போதே அது நடக்கும். அதனால் சில குதிரைகள், ஆள் ஏறியதும் கிளம்ப வேண்டும் என்றே பழகியிருக்கும். நல்ல பள்ளியில் இதையெல்லாம் மாற்றிப் பழக்கியிருப்பார்கள். இருந்தாலும், "இது ரேஸ் ஓடின குதிரையா அண்ணா?" என்று குதிரையைப் பராமரிப்பவரிடம் கேட்டுவிடுங்கள். பயிற்சியாளர் சொல்ல மறந்த விவரமெல்லாம் அவரிடம் கிடைக்கும்: எந்தப் பக்கம் கூச்சம், எது பிளாஸ்டிக் பையைக் கண்டு மிரளும், எது கர்த் (சேணத்தின் வயிற்றுப் பட்டை) இறுக்கும்போது கடிக்க வரும் என்பது வரை.

உடை

தலைக்கவசம் சவாரிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் கனமானது, கழுத்தை இழுக்கும், காதை மூடும். சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையைப் போதுமான அளவு காக்காது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஏஎஸ்டிஎம் எஃப்1163 அல்லது பாஸ் 015 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும்; உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், அடுத்த அடியை அது தாங்காது.

காலணிக்கு இரண்டு செண்டிமீட்டர் அளவு குதிகால் வேண்டும். பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும், காலை வைக்கும் இரும்பு வளையம்) முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் தடுப்பது அந்தக் குதிகால்தான். ஓட்டப்பந்தய ஷூவில் குதிகால் இல்லை, அடியில் பள்ளம் பள்ளமாகக் கட்டை வேறு. நழுவவும் செய்யும், சிக்கவும் செய்யும். செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பும் பள்ளியைத் திட்டாதீர்கள். ஜீன்ஸின் உள்தையல் தொடையை உரசிப் புண்ணாக்கும் என்பதால் இழுபடும் துணியில் இறுக்கமான பேன்ட் நல்லது. துப்பட்டா, தொங்கும் கம்மல், மோதிரம், பின் பாக்கெட் போன் எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும்.

டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருப்பது. லாயத்தில் ஆணி கீறுவது சாதாரணமாக நடக்கும்.

தரையில் முதல் பழக்கம்

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதற்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். தெரியாதது இரண்டே இடம்: நெற்றிக்கு நேர் எதிரே மூக்கருகில் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். அதனால் எப்போதும் தோள்பட்டைப் பக்கமாக, ஏதாவது பேசிக்கொண்டே அணுகுங்கள். தமிழில் பேசினாலே போதும். முதலில் கழுத்தையோ தோளையோ தடவிக்கொடுங்கள். முகத்தைத் தொடுவது நட்பான பிறகு. பின்பக்கம் போக வேண்டுமென்றால் கையை அதன் உடலிலேயே வைத்துக்கொண்டு ஒட்டி நடங்கள், அல்லது மூன்று நான்கு மீட்டர் தள்ளிச் சுற்றி வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உதை விழும் தூரம்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதைத் தவிருங்கள். மாட்டைப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது கை வந்த பழக்கம். குதிரை மிரண்டு ஓடினால் விரலோடு இழுத்துக்கொண்டு போகும். மிச்சக் கயிற்றை மடித்து நடுவில் பிடியுங்கள்.

ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம்

சேணத்தை வயிற்றோடு கட்டும் பட்டைதான் கர்த். அதைக் கட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். லாயத்தில் சரியாக இருந்த பட்டை மைதானத்துக்கு வந்ததும் தளர்ந்திருப்பது அதனால்தான். ஏறுவதற்கு முன் ஒரு முறை, ஏறி ஐந்து நிமிடம் நடந்த பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை பாருங்கள். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் இறுக்கமாக நுழைந்தால் சரி.

அங்கவடியின் நீளத்துக்குத் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. விரல் நுனியை, அங்கவடி வார் சேணத்தில் மாட்டியிருக்கும் இடத்தில் வைத்துக் கையை நீட்டினால், இரும்பு உங்கள் அக்குளைத் தொட வேண்டும். ஏறிய பிறகு கால்களைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: இரும்பின் அடி கணுக்கால் எலும்புக்கு நேராக வந்தால் ஆரம்பத்துக்கு ஏற்ற நீளம். மிக நீளமாக வைத்தால் நுனிக்காலால் தேடிக்கொண்டே இருப்பீர்கள். மிகக் குட்டையாக வைத்தால் முட்டி மடங்கி, பிட்டம் சேணத்தின் பின்பக்கம் தள்ளப்படும்.

ஏறுவது

தரையிலிருந்து எம்பி ஏறுவது பார்க்க நன்றாக இருக்கும். குதிரைக்கு அது நல்லதல்ல. உங்கள் முழு எடையும் ஒரே பக்கத்தில் தொங்க, சேணம் சரிந்து அதன் தோள்மேட்டை இழுக்கிறது. அதே வேலை நாளுக்கு ஐந்தாறு மாணவர்களால் நடந்தால் முதுகு வீங்கும். படிக்கட்டு மேடை இருந்தால் எவ்வளவு அனுபவசாலியும் அதிலிருந்து ஏறுவதுதான் முறை. இடது பக்கமாக ஏறும் வழக்கம், வாளை இடுப்பின் இடப்பக்கம் கட்டிய குதிரை வீரர்களிடமிருந்து வந்தது என்பார்கள். உடலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனாலும் பெரும்பாலான குதிரைகள் இடது பக்கத்துக்கே பழகியிருக்கும்.

1. குதிரையை மேடைக்கு இணையாக, நான்கு காலிலும் சமமாக நிற்க வையுங்கள். முதல் சில வாரம் ஒருவர் தலைப்பக்கம் பிடித்திருக்கட்டும்.

2. இரண்டு வாரையும் இடது கையில் சேர்த்து, கூடவே தோள்மேட்டுக்கு முன்னால் ஒரு கொத்துப் பிடரி மயிரையும் பிடியுங்கள். வார் தொய்யவும் கூடாது, வாயை இழுக்கவும் கூடாது. மயிரைப் பிடித்தால் குதிரைக்கு வலிக்குமே என்று தயங்காதீர்கள். வாயை இழுப்பதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

3. இடது பாதத்தின் முன்பகுதியை அங்கவடியில் வையுங்கள். கட்டைவிரல் குதிரையின் வயிற்றைக் குத்தாமல் முன்பக்கம் பார்க்கட்டும். புதியவர்கள் ஏறும்போது குதிரை நகர்ந்துவிடுவதற்குப் பெரும்பாலும் இந்தக் குத்துதான் காரணம்: அதற்கு அது 'போ' என்ற சைகை.

4. வலது கையைச் சேணத்தின் முன்பகுதியில், அந்தப் பக்கமாக வையுங்கள். பின்மேட்டைப் பிடித்து இழுத்தால் சேணம் முறுக்கிக்கொள்ளும். தவிர, காலை வீசும் நேரத்தில் அந்தக் கையை எடுத்தாக வேண்டுமே.

5. வலது காலால் தள்ளி, இடது காலில் நிமிர்ந்து நில்லுங்கள். ஒரு மூச்சு அப்படியே நிற்க முடிந்தால் உங்கள் எடை குதிரையின் நடுவுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். நிற்க முடியவில்லை, தொங்குகிறீர்கள் என்றால் இறங்கி மறுபடி ஏறுங்கள்.

6. வலது காலை நீட்டி, பின்முதுகில் படாமல் வீசித் தாண்டுங்கள். பூட்ஸ் முதுகில் உரசினால் சில குதிரைகள் துள்ளிவிடும்.

7. மெல்ல இறங்கி அமருங்கள். தொப்பென்று விழுவதை நினைவில் வைத்துக்கொள்ளும் குதிரை, அடுத்த நாள் மேடையருகே நிற்காது.

8. வலது பாதம் அங்கவடியைத் தேடட்டும். கண்ணால் குனிந்து பார்க்காமல் பாதத்தாலேயே தேடப் பழகுங்கள்.

ஏறியதும் கிளம்பாமல் பத்து வரை எண்ணி அப்படியே நிற்பதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். ஏறியதும் நடக்கும் குதிரைக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

மேடை இல்லாத இடத்தில் தரையிலிருந்து ஏற வேண்டி வந்தால், மறுபக்க அங்கவடியை ஒருவர் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சேணம் சரியாது.

அமர்வது

ஒரு மர ஸ்டூலிலோ திண்ணையிலோ உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனை கையில் குத்தும். அவைதான் அமர்வெலும்புகள்; சவாரி முழுதும் அவற்றின் மேல்தான் நடக்கிறது. இடுப்பை முன்னால் சாய்த்தால் முனைகள் பின்னோக்கிப் போகும், கூன் போட்டால் முன்னோக்கி உருளும். நேர் கீழே குத்தும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதே இடத்தைச் சேணத்தில் தேடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தோளில் பை மாட்டுகிறவர்கள், பர்ஸை பின்பாக்கெட்டில் வைத்து உட்காருகிறவர்கள் பலருக்கும் ஒரு பக்கம் கனமாகத்தான் இருக்கும்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். இந்த நொடி குதிரை மாயமாகிவிட்டால் நீங்கள் தரையில் முட்டி மடித்து நிற்பீர்களா, இல்லை பின்னால் விழுவீர்களா? பெரும்பாலான புதியவர்கள் பின்னால்தான் விழுவார்கள், ஏனென்றால் நாற்காலியில் உட்காருவது போலக் காலை முன்னே நீட்டியிருப்பார்கள். ஒரு வகுப்புத் தோழியைக் கொண்டு பக்கவாட்டில் இருந்து போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் பயிற்சியாளர் நூறு முறை சொன்னது ஒரே முறையில் புரியும்.

முட்டியால் இறுக்கிப் பிடிப்பது எல்லோருக்கும் வரும் தவறு, பயத்தில் உடல் அப்படித்தான் செய்யும். குதிரையின் உடல் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கிறது. மேல்பகுதியைத் தொடையாலும் முட்டியாலும் நெருக்கினால் நீங்கள் மேலே தள்ளப்படுவீர்கள். கீழ்க்கால் ஆடத் தொடங்கும். அதனால்தான் 'கெட்டியாகப் பிடித்தும் விழுந்தேனே' என்கிறார்கள். தொடையைத் தளர்த்தி, எடை முட்டி வழியாகக் குதிகாலுக்கு இறங்க விடுங்கள். குதிகாலை வலிந்து கீழே தள்ள வேண்டாம், தள்ளினால் கணுக்கால் பூட்டிக்கொள்ளும். வீட்டில் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று, குதிகால்கள் தாமாக இறங்கும் வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அந்தத் தசைகள் நீளும். தரையில் சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது இரண்டும் விட்டுப்போனவர்கள் மறுபடி ஆரம்பிக்கலாம். திறந்த இடுப்பு இதற்குப் பெரிய உதவி.

மூச்சைப் பிடித்துக்கொள்வதும் இறுக்கம்தான். ஆரம்பத்தில் வாய்விட்டு எண்ணிக்கொண்டே போகச் சொல்வது இதற்காக. பேசுகிறவரால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

வார் இல்லாத வகுப்புகள்

பயிற்சியாளர் நடுவில் நிற்க, சுமார் 15 முதல் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் குதிரை நீளக் கயிற்றில் போகும். இதை லஞ்சிங் என்பார்கள். வேகமும் திசையும் பயிற்சியாளர் பொறுப்பு, உங்களுக்கு வேலை உட்காருவது மட்டும். ஒரு பழைய தோல்வாரைக் குதிரையின் கழுத்தில் மாட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் அதைப் பிடிக்கலாம், வாய் தப்பிக்கும்.

முதலில் நடையில், கையைப் பக்கவாட்டில் விரியுங்கள். அப்புறம் இடுப்பிலிருந்து உடலை இடது, வலது என்று திருப்புங்கள், அமர்வெலும்புகள் நகராமல். வலது கையால் இடது கால் விரலைத் தொடுங்கள். முன்னே குனிந்து குதிரையின் காதுப் பக்கம் கையை நீட்டுங்கள். அங்கவடியை எடுத்துவிட்டு, கணுக்காலை வட்டமாகச் சுழற்றுங்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணை மூடிச் செய்வது. நடையில் குதிரையின் நான்கு கால்களும் தனித்தனியாக, நான்கு தாளத்தில் விழுகின்றன. ஒரு பின்கால் முன்னே வீசும்போது அந்தப் பக்கம் உங்கள் அமர்வெலும்பு கொஞ்சம் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு 'இடது, வலது, இடது, வலது' என்று சொல்லுங்கள்; பயிற்சியாளர் பார்த்துச் சரியா என்று சொல்வார். இது வந்துவிட்டால் குதிரையின் காலை இடுப்பால் பார்க்கக் கற்றுவிட்டீர்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது உதவும். சில பேர் இதை நேர விரயம் என்று நினைத்து 'எப்ப சார் ஓடலாம்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள்தான் பின்னால் வாரில் தொங்குவார்கள்.

வாரும் கால்களும்

வார் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே நுழைந்து, ஆட்காட்டி விரலின் மேல் வெளியே வரும். கட்டைவிரல் அதை மேலிருந்து அழுத்தும். கட்டைவிரல்கள் வானம் பார்க்கட்டும். முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை ஒரே நேர்கோடு. நடையில் குதிரை தலையை ஆட்டும், உங்கள் முழங்கை மடங்கி நீண்டு அதோடு போக வேண்டும். துள்ளோட்டத்தில் தலை ஆடாது, கையும் ஆடக்கூடாது.

நிறுத்துவதற்கு: நிமிர்ந்து, மூச்சை வெளியே விட்டு, அசைவோடு போய்க்கொண்டிருந்த இடுப்பை நிறுத்துங்கள். அப்புறம்தான் விரல்களை மூடுவது. நின்ற கணத்தில் விரலைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் குதிரைக்குக் கிடைக்கும் பாராட்டு; அது வராவிட்டால் நிற்பதில் லாபமில்லை என்று கற்றுக்கொள்ளும்.

கிளப்புவதற்கு: இரண்டு கெண்டைக்காலாலும் ஒரு மென்மையான அழுத்தம். பதில் இல்லையென்றால் கொஞ்சம் அழுத்தமாக, ஒரே தடவை. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலால் தட்டிக்கொண்டே போனால் கொஞ்ச நாளில் குதிரைக்கு அது சத்தம் போல ஆகிவிடும்.

திருப்புவதற்கு: முதலில் கண், அப்புறம் தோள். உள்பக்கக் கால் பட்டையருகே, வெளிப்பக்கக் கால் ஒரு கையளவு பின்னால். உள்பக்கக் கை சிறிது விலகி வழி காட்டும். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பைக் ஓட்டுகிறவர்கள் வளைவில் உடலை உள்ளே சாய்த்துப் பழகியிருப்பார்கள். குதிரையில் அப்படிச் சாய்ந்தால் அதன் உள்தோளில் எடை விழுந்து வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். வளைவில் நிமிர்ந்தே இருங்கள். உள்பக்க அமர்வெலும்பில் ஒரு துளி எடை கூடினால் போதும்.

துள்ளோட்டம்

எல்லோரும் ட்ராட் என்றே சொல்லும் இந்த ஓட்டத்தில் கால்கள் குறுக்கு ஜோடியாக விழும்: இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக, பிறகு மற்ற ஜோடி. இரண்டு தாளம், நடுவே ஒரு நொடி நான்கு காலும் அந்தரத்தில். அந்தத் தூக்கல்தான் உங்களை எம்ப வைப்பது. அதோடு சண்டை போடாமல் ஒரு தாளம் எழுந்து ஒரு தாளம் அமர்வதுதான் எழுந்தமர்வு.

முதலில் நின்ற குதிரையில் செய்யுங்கள், பிறகு நடையில், பிறகே ஓட்டத்தில். காலால் தள்ளி மேலே எழுவது என்று நினைத்தால் தாமதமாகும். குதிரையே தூக்குகிறது, நீங்கள் இடுப்பெலும்பை உங்கள் கைகளை நோக்கி முன்னே விட்டு, மெதுவாகத் திரும்ப வைத்தால் போதும். கைகள் இதில் கலந்துகொள்ளக்கூடாது. கை மேலும் கீழும் போனால் கழுத்துவாரில் ஒரு விரலை மாட்டிக்கொள்ளுங்கள். உட்காரும்போது 'தட்' என்று சத்தம் கேட்டால் பின்னால் விழுகிறீர்கள் என்று அர்த்தம். கால்கள் முன்னே போயிருக்கும்.

தாளம் பிடிபட்ட பிறகு எந்தக் காலுக்கு எழுவது என்ற கேள்வி வரும். வட்டத்தில் போகும்போது வெளிப்பக்க முன்தோள் முன்னே போகையில் எழுங்கள், பின்னே வருகையில் அமருங்கள். அப்போது உங்கள் எடை உள்பக்கப் பின்கால் தரையில் இருக்கும் நேரத்தில் விழும். வட்டத்தில் சமநிலையைத் தாங்குவது அந்தக் கால்தான். தவறான காலில் எழுகிறீர்கள் என்று தெரிந்தால் இரண்டு தாளம் தொடர்ந்து அமர்ந்துவிட்டு எழுங்கள், மாறிவிடும். திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.

எழாமல் உட்கார்ந்தே ஓடுவது இதைவிடக் கஷ்டம், அவசரப்பட வேண்டாம். மாறாக, அங்கவடியில் பாதி எழுந்து, பிட்டம் சேணத்தைத் தொடாமல், பிடரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று போவது அருமையான பயிற்சி. கணுக்காலும் முட்டியும் ஸ்பிரிங்காக வேலை செய்யாவிட்டால் உடனே முன்னே கவிழ்வீர்கள், பொய் சொல்ல வழியே இல்லை.

கேன்டர் என்ற மூன்று தாள ஓட்டத்துக்கு, அங்கவடி இல்லாமல் சில சுற்று துள்ளோட்டத்தில் இருக்க முடிந்த பிறகு போனால் போதும். முதல் தடவை லஞ்சிங் கயிற்றிலேயே. துள்ளோட்டத்தைவிட அது உட்கார வசதியானது, பயமுறுத்துவது வேகம்தான். முன்னே குனிந்தால் குதிரை இன்னும் வேகமெடுக்கும், அதனால் தோளைப் பின்னே வைத்திருங்கள்.

மிரண்டால், விழுந்தால்

குதிரை இரை விலங்கு. வேலியில் படபடக்கும் சாக்குப் பையும் அதற்கு ஆபத்தாகத் தெரியும். திடீரென்று பக்கவாட்டில் குதித்தால் பிடரியைப் பிடியுங்கள், ஆழ்ந்து உட்காருங்கள், கத்தாதீர்கள். ஓடத் தொடங்கினால் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்க வேண்டாம், பந்தயக் குதிரையிடம் அதன் விளைவைத்தான் முன்பே சொன்னேன். இடமிருந்தால் ஒரு வாரால் பெரிய வட்டத்துக்குக் கொண்டுவந்து, வட்டத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குங்கள். வேகத்தில் சட்டென்று திருப்பினால் குதிரையே சறுக்கி விழும். முந்திரித் தோப்புக்கு நடுவே உள்ள ஒடுக்கமான பாதையில் வட்டம் போட முடியாது. அங்கே ஒரு கையைப் பிடரியில் ஊன்றி, மறு வாரை இழு, விடு, இழு, விடு என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மைதானத்தில் நிறுத்தம் உறுதியாக வராதவர்கள் தோப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

விழப்போவது உறுதி என்றால் இரண்டு பாதத்தையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரை விட்டுவிடுங்கள், கையை ஊன்றாமல் உருண்டு குதிரையை விட்டு விலகுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் அன்று மறுபடி ஏறக்கூடாது. 'விழுந்ததும் ஏறினால்தான் பயம் போகும்' என்ற பேச்சைக் கேட்காதீர்கள். தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் எதுவந்தாலும் உடனே ஜிப்மர் அவசரப் பிரிவுக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

இறங்குவது

இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்த பிறகே இறங்க வேண்டும். ஒரு காலை மாட்டியபடி இறங்கும்போது குதிரை நகர்ந்தால் இழுபடுவீர்கள். வார் இடது கையில், வலது கை சேணத்தின் முன்னால். முன்னே லேசாகச் சாய்ந்து, வலது காலைப் பின்முதுகுக்கு மேல் தூக்கி வீசி, வயிற்றைச் சேணத்தோடு உரசியபடி நழுவி, முட்டி மடித்து முன்பாதத்தில் இறங்குங்கள். இதை நின்ற குதிரையில் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு முறை செய்து வைத்தால் அவசரத்தில் உடல் தானாகச் செய்யும்.

இறங்கியதும் கர்த்தை ஒரு துளை தளர்த்தி, அங்கவடிகளை மேலே ஏற்றி மாட்டிவிட்டு, பத்து நிமிடம் நடத்திக் கொண்டுபோங்கள். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலாவைப் பார்த்து எண்ணலாம். மூச்சு அந்த அளவுக்குப் பக்கத்தில் இறங்கி வரும்வரை லாயத்தில் கட்ட வேண்டாம்.

வெயில், மழை, கடற்கரை

மார்ச் முதல் செப்டம்பர் வரை காலை ஆறு முதல் எட்டுதான் நேரம். கத்திரியில் அதையும் குறைக்கலாம். நம் கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காயாது, குதிரை உடல் குளிர வழியில்லை. வகுப்பு முடிந்ததும் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, உடனே வழித்தெடுத்து, மறுபடி ஊற்றுவது நல்ல முறை. குதிரை சோர்ந்து மூச்சு அடங்காமல் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். புதுச்சேரியில் குரும்பாபட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் செம்மண் வழுக்கும். அந்த மாதங்களில் நடையும் லஞ்சிங்கும் செய்யுங்கள், ஓட்டம் பொங்கலுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளி வாரம் விடுமுறை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் ஓட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. மைதானத்தில் மூன்று ஓட்டங்களிலும் நிறுத்தத் தெரிந்த பிறகு, பழகிய ஒரு குதிரையோடும் பயிற்சியாளரோடும் போகலாம். அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று பள்ளி மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த ஆழமணலில் ஓடவிட்டால் குதிரையின் தசைநார் கெடும். அலை வந்து போன ஈரமான கெட்டி மணல்தான் ஏற்றது. முதல் நாள் அலையையே பார்த்திராத குதிரை, நுரை காலைத் தொட்டதும் துள்ளும், அதனால் கரையோரம் நடத்திக் கூட்டிப் போய்ப் பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கடலூர் வெள்ளி கடற்கரை வேண்டாம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் இரண்டு பக்கமும் போகவே வேண்டாம். தீர்த்தவாரிக் கூட்டம், மேளம், வேட்டு மூன்றையும் ஒன்றாகத் தாங்கும் குதிரை அரிது. திரும்பி வந்ததும் கால்களையும் கர்த்தையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், குளம்புக்குள் அடைந்த மணலைக் கொக்கியால் எடுங்கள். உப்பு காய்ந்த பட்டையை அப்படியே மறுநாள் கட்டினால் முன்காலுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தோல் உரிந்துவிடும், குதிரைக்கு ஒரு வாரம் வேலை இருக்காது.